பெயருக்கு முன்னால் விளி

குழந்தைகளுக்கு இப்போது வைக்கப்படும் பெயர்களைப் பற்றி நம் நண்பர்கள் பேசும்போது இரண்டு குரல்கள்தான் கேட்கின்றன. ஒன்று, தமிழ் போயிற்றே என்ற ஒப்பாரி. மற்றது, அது அவரவர் ருசி, அதில் விமர்சகனுக்கு என்ன வேலை என்ற அலட்சியம். முதல் குரலுக்குப் பெயர் ஒரு கொடி. இரண்டாவது குரலுக்கு அது ஒரு சட்டைத் துணி. பெயர் ஒரே சொல்லாலான ஒரு படைப்பு என்பது இரண்டுக்கும் படவில்லை. வாழ்நாளில் ஒரு வரி எழுதியிராத மனிதனும் ஒரு சொல்லைத் தேடி, வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, வேண்டாமென்று தள்ளி, வேறொன்றை ஏற்று, அதை உலகத்தில் விட்டுவிட்டு, பிறகு திருத்த முடியாமல் நிற்கிற சந்தர்ப்பம் இது ஒன்றுதான். அதற்கு வாசகர்களும் உண்டு. அறுபது எழுபது வருஷம் அதைப் படித்துக்கொண்டே இருப்பார்கள். இதை விட்டுவிட்டு, முந்நூறு பிரதி அச்சாகும் கவிதைத் தொகுதிகளை மட்டுமே விமர்சித்துக்கொண்டிருப்பதில் என்ன நியாயம் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் பார்க்கிற இடம் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டிக் கிடக்கும் நிலம். துறைமுகம், மீன்பிடித் துறை, ரயில் யார்டு, ரப்பர், மோட்டார், உரம் என்று தொழில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த இடம். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு மாலை நடந்தால் போதும். காதணி விழாவுக்கும் முதல் பிறந்தநாளுக்கும் கட்டிய பிளெக்ஸ் பேனர்கள் ஒரு தொகைநூல் மாதிரி விரிகின்றன. தன்விக், ரித்விக், யஷ்வித். தன்ஷிகா, ஹன்ஷிகா, மோக்ஷிதா. அடுத்த பேனரிலேயே யாழினி, மகிழன், ஆதிரை, நறுமுகை. குழந்தையின் படத்துக்குக் கீழே தாய்மாமன்களும் சித்தப்பாக்களும் கூலிங்கிளாஸ் அணிந்து வரிசையாக நிற்கிறார்கள்: ஏழுமலை, தேசிங்கு, அந்தோணி, முனுசாமி, லெனின். மேலே உள்ள பெயருக்கும் கீழே உள்ள பெயர்களுக்கும் நடுவில் ஏதோ அறுந்திருக்கிறது என்று யாருக்கும் படும். எது அறுந்தது என்பதுதான் விஷயம்.

மொழி அறுந்தது என்று சொல்வது சுலபம். ஆனால் கீழ்வரிசையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அந்தோணி தமிழில்லை, லெனின் தமிழில்லை. தேசிங்கு என்ற பெயர் 1714இல் மாண்ட செஞ்சி மன்னன் தேஜ் சிங்கின் பெயர். அவன் ஒரு ராஜபுத்திரன். மேலே இருக்கும் யாழினியோ நல்ல தமிழ். ஆகவே அறுந்தது மொழி இல்லை.

பெயர் தேடப்படும் முறையைப் பார்க்கலாம். முதலில் நட்சத்திரம் வந்து எழுத்தைக் கொடுக்கிறது. அசுவினி என்றால் சு, சே, சோ, ல. ரோகிணி என்றால் ஓ, வ, வி, வு. கவிஞன் மோனைக்குக் கட்டுப்படுவது போல இங்கே ஒரு கட்டு விழுகிறது. பிறகு புத்தகம், இப்போது கைபேசி, பட்டியலை நீட்டுகிறது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அதன் அர்த்தம். பிறகு எண்கணிதம் வருகிறது. இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். இங்கே பெரும்பாலும் வழங்கும் கணக்கு கீரோ பரப்பிய கணக்கு. ஆங்கில எழுத்துக்கு ஒன்று முதல் எட்டு வரை மதிப்பு. எந்த எழுத்துக்கும் ஒன்பது கிடையாது. கூட்டல் சரியாக வராவிட்டால் ஒரு 'ஏ' அதிகமாகும். ஒரு 'ஹெச்' நடுவில் புகும். உச்சரிப்பில் அந்த எழுத்து இல்லை. தமிழில் எழுதினால் அது தெரியவே தெரியாது. அதாவது, குழந்தையின் அதிர்ஷ்டம் எந்த எழுத்தில் இருக்கிறதோ அந்த எழுத்தை யாரும் வாயால் சொல்லப்போவதில்லை. பெயர் காதைவிட்டுக் கண்ணுக்கு இடம்பெயர்ந்துவிட்டது. யாழினிக்கும் இந்தக் கணக்கு பார்க்கப்படுகிறது என்பதை நம் தூய தமிழ் நண்பர்கள் கவனிக்க வேண்டும். தன்விக்கும் யாழினியும் எதிர் முகாம்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே கடையில் பக்கத்துப் பக்கத்து அலமாரியில் இருப்பவை அவை.

இந்த முறையில் மையமாக நிற்பது 'அர்த்தம் என்ன' என்ற கேள்வி. இது புதிய கேள்வி. ஏழுமலை என்ற பெயரின் அர்த்தத்தை அவர் அம்மாவிடம் கேட்டால் ஏழு மலை என்று சொல்லமாட்டார். திருப்பதிக்கு வேண்டிக்கொண்டோம் என்பார். இல்லாவிட்டால், எங்க மாமனார் பேரு என்பார். பெயருக்குப் பின்னால் ஒரு ஆள் இருந்தார், அல்லது ஒரு சம்பவம் இருந்தது. இப்போது அந்த இடத்தில் அகராதி இருக்கிறது.

*

இந்த நிலத்தில் பெயர் எப்படி உண்டாயிற்று என்பதற்கு ஊர்ப்பெயர்களே சாட்சி. ராயபுரம், ராயப்பர் பெயரால் வந்தது என்பார்கள். ராயப்பர் என்பது பேதுருவுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வைத்த பெயர். பேதுரு வலை வீசியவர். இங்கே படகோட்டிகள் அவருக்குக் கோவில் கட்டினார்கள். பவுல் என்பது சிறியவன் என்று பொருள்படும் லத்தீன் சொல்; அவர் சின்னப்பர் ஆனார். ஸ்தேவான் என்ற பெயருக்குள் கிரேக்கத்தில் கிரீடம் இருக்கிறது; அவர் முடியப்பர் ஆனார். யோவான் அருளப்பர் ஆனார். 1745இல் நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் பெற்றபோது லாசர் என்ற பெயர் தேவசகாயம் என்று தமிழாயிற்று. 2022இல் ரோமாபுரி அவரைப் புனிதர் என்று அறிவித்தபோது இந்தத் தமிழ்ப் பெயரும் அங்கே ஒலித்தது. இவை மொழிபெயர்ப்புகள். ஆனால் 'அப்பர்' என்ற விகுதியைச் சேர்த்தது யார்? அகராதி சேர்க்கவில்லை. கும்பிடுகிறவனின் வாய் சேர்த்தது.

திருவொற்றியூரில் காலாடிப்பேட்டை இருக்கிறது. 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய இடம். காலெட்பேட்டை, காலாடிப்பேட்டை ஆயிற்று. கவர்னரின் கௌரவத்தைப் பற்றி அந்த நாக்குகள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. தண்டையார்பேட்டை என்ற பெயரைத் தொண்டியாரோடு சேர்த்துச் சொல்வார்கள்; தொண்டிப் பக்கத்துக் குணங்குடியிலிருந்து வந்து இங்கே தங்கிய சுல்தான் அப்துல் காதிர், நாம் குணங்குடி மஸ்தான் சாகிபு என்று அறிந்த கவிஞர். ஒற்றியூரிலோ கோவிலே பெயர்க் களஞ்சியம். தியாகராஜர், வடிவுடையம்மன், சுந்தரர் மகிழ மரத்தடியில் சத்தியம் செய்து மணந்த சங்கிலியார். வீடுகளில் அவை தியாகு, வடிவு, சங்கிலி என்று அன்றாடம் புழங்கித் தேய்ந்தன. தேய்வதுதான் ஒரு பெயர் உபயோகத்தில் இருப்பதற்கு அடையாளம்.

பிறகு ஆலைகளும் சங்கங்களும் வந்தன. 1923இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். இந்தியாவிலேயே அதுதான் முதல். அந்த வழியில் வந்த வீடுகளில் லெனின் பிறந்தான், ஸ்டாலின் பிறந்தான், ஜீவா பிறந்தான். 1953 மார்ச் 1இல் பிறந்த தன் மகனுக்கு, மார்ச் 5இல் மாஸ்கோவில் இறந்தவரின் பெயரை மு. கருணாநிதி வைத்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்தப் பெயரின் அரசியலை எப்படியும் மதிப்பிடலாம். ஆனால் அதில் ஒரு இறந்த மனிதன் இருந்தான், ஒரு வாரம் இருந்தது, ஒரு கூட்டம் இருந்தது. வேண்டுதலில் பிறந்த ஏழுமலைக்கும் இந்த ஸ்டாலினுக்கும் இடையில் நாம் நினைக்கிற அளவு தூரம் இல்லை. இரண்டும் யாரையோ கூப்பிடுகின்றன.

*

கூப்பிடுவது என்ற சொல்லை யோசித்தே எழுதுகிறேன். தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில் பெயரியல் ஐந்தாவது இயல். அதற்கு முன்னால், நான்காவதாக நிற்பது விளிமரபு. வேற்றுமைகளைச் சொல்லிவந்த தொடர்ச்சியில் எட்டாம் வேற்றுமையாக விளி அங்கே வருகிறது என்று இலக்கணக்காரர்கள் காரணம் சொல்வார்கள். அது சரிதான். இருந்தாலும், பெயர் இன்னதென்று சொல்வதற்கு முன்பே பெயரைக் கூப்பிடும் முறையைச் சொல்லிவிட்ட நூல் நம்முடையது என்பது எனக்கு வெறும் அடைவு முறையாகப் படவில்லை. நம்பி என்பவனை நம்பீ என்று நீட்டவேண்டும்; நங்கை நங்காய் ஆவாள். பக்கத்தில் இருப்பவனை இயல்பாக அழைக்கலாம். தூரத்தில் இருப்பவனை அழைக்கும்போது எந்தப் பெயரானாலும் மாத்திரையைக் கடந்து நீளும். இதை இலக்கணமாகச் சொன்னவருக்குத் தூரம் என்றால் என்ன என்று தெரிந்திருக்கிறது.

காசிமேட்டில் இந்த இலக்கணம் இன்றும் உயிரோடு இருக்கிறது. படகு கரையை நெருங்கும்போது, இன்ஜின் சத்தத்துக்கும் காற்றுக்கும் மேலாக ஒரு பெயரைச் சொல்லி அழைக்கவேண்டும். ஏழ்மலே என்று கடைசி உயிரைப் பிடித்து இழுக்கலாம். அந்தோணீ என்று வீசலாம். ரித்விக் என்று வீச முடியாது. அது ஒற்றில் முடிந்து வாயை மூடிவிடுகிறது. தன் பேரனுக்கு வைத்த பெயரைப் பற்றி அங்கே மீன் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் என்னிடம் சொன்னார்: "அது பேரு வாயில நொழைய மாட்டேங்குதுப்பா. நா ராஜான்னுதான் கூப்புடுவேன். ஸ்கூல்லதான் அந்தப் பேரு." அவர் குறை சொல்லவில்லை. நிலைமையைச் சொன்னார். பதிவான பெயர் படிப்பதற்கு, கூப்பிடுவதற்கு வேறு. தன்விக்கெல்லாம் வீட்டில் தனு, குட்டி, பப்பு, பாப்பா. முன்பு ஒரே சொல் செய்த வேலையை இப்போது இரண்டு சொற்கள் பிரித்துக்கொண்டிருக்கின்றன. அதில் உயிருள்ள சொல்லுக்குச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் உள்ள சொல்லுக்கு உயிர் இல்லை.

படிப்பதற்கு மட்டும் என்று ஆகிவிட்ட பெயருக்கு இந்த நிலத்திலேயே ஒரு பெரிய உதாரணம் உண்டு. 1948இல் ரகுநந்தன் சரண் மோட்டார் கம்பெனி ஆரம்பித்தபோது தன் ஒரே மகனின் பெயரை அதற்கு வைத்தார். அசோக் மோட்டார்ஸ். 1955இல் அது அசோக் லேலண்டு ஆயிற்று. எண்ணூரிலிருந்து வெளிவந்த ஒவ்வொரு லாரியின் நெற்றியிலும் ஒரு குழந்தையின் பெயர் இருக்கிறது. ஓட்டுகிறவருக்கு அதில் குழந்தை தெரியாது, தெரியவேண்டியதுமில்லை. இந்தப் பக்கத்துத் தொழிலாளி லேலண்டு என்று பின்பாதியை மட்டும் சொல்கிறார். கூப்பிடப்படாத பெயர் தகட்டில் எவ்வளவு நன்றாகப் பளபளத்தாலும் அந்தக் கதிக்குத்தான் வரும்.

*

இந்த இடத்தில் கட்டுரையை முடித்தால் பழைய பெயர்களுக்காக நானும் ஒப்பாரி வைத்தவனாவேன். அதற்கு எனக்குச் சம்மதமில்லை. பழைய முறையின் உள்ளே போய்ப் பார்க்கவேண்டும்.

தமிழில் மகனின் மகனுக்குப் பெயரன் என்று பெயர். பாட்டன் பெயரைத் தாங்குகிறவன். பேரன், பேத்தி என்ற உறவுச் சொல்லே ஒரு பெயர் வைக்கும் சட்டம். அழகான ஏற்பாடுதான். ஆனால் அதே வீட்டில் மருமகள் மாமனாரின் பெயரை வாயால் சொல்லக்கூடாது. ஆகவே தான் பெற்ற பிள்ளையை அவன் பெயரால் அழைக்க முடியாதவளாக ஒரு தாய் இருந்தாள். வீட்டுப் பெயர் என்ற ஒன்று தோன்றியதற்குக் கொஞ்சல் மட்டுமே காரணமில்லை; இந்த வாய்க்கட்டும் ஒரு காரணம். இன்று தன்ஷிகா என்ற பெயரைக் கைபேசியில் தேடி எடுத்து, மாமியார் முகம் சுளித்தும் விடாமல் வைத்தவள் அநேகமாக அந்தத் தாய்தான். அந்தக் குடும்பத்தில் ஒரு பெண் வெளியிட்ட முதல் படைப்பு அது. அதன் சொல்தேர்வைக் கிண்டல் செய்கிறவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளவேண்டும்.

இன்னொன்று. குப்பு, பிச்சை, மண்ணாங்கட்டி. முந்தைய குழந்தைகள் செத்த வீட்டில், எமன் கண் படாமலிருக்க வைத்த பெயர்கள். அவற்றில் ஒரு பெரிய துக்கம் இருக்கிறது. ஆனால் எல்லாக் குப்பன்களும் அப்படிப் பிறந்தவர்கள் இல்லை. இன்ன சாதிக்கு இன்ன பெயர்தான் என்ற கட்டளையும் இருந்தது. சாமிப் பெயரை முழுசாக வைத்துக்கொள்ள உரிமையில்லாதவர்கள் இருந்தார்கள். பெயரைக் கேட்டவுடன் எந்தத் தெரு, எந்தத் திண்ணை வரை வரலாம் என்று தெரிந்துவிடும். பெயர் ஒரு முகவரி. ஆலை வேலைக்குப் பட்டணம் வந்தவன் அந்த முகவரியிலிருந்து தப்பித்தான். அவன் பேரன், தன் மகனுக்கு, கேட்டால் எந்தத் தெருவும் தெரியாத ஒரு பெயரைத் தேடுகிறான். யஷ்வித். இதில் சாதி தெரியாது, ஊர் தெரியாது. நேர்முகத் தேர்வுக்கு உட்காரும்போது எதிரே இருப்பவர் தாளைப் பார்த்து எதையும் ஊகிக்க முடியாது. அர்த்தமற்ற பெயர் என்று நாம் நினைப்பது அவனுக்குக் காலியான ஒரு மனை. அதில் இன்னும் யாரும் எதையும் எழுதவில்லை.

நம்முடைய நிலை என்ன? நம் கதைகளில் வட சென்னை வந்தால் மீன் விற்பவள் முனியம்மாவாகத்தான் இருக்கிறாள். ரிக்ஷாக்காரன் கபாலியாகத்தான் இருக்கிறான். பெயரிலேயே ஆளை முடித்துவிடுகிற சோம்பேறித்தனம் இது. யதார்த்தம் என்று இதற்குப் பெயர் கொடுத்துவிட்டோம். 2021இல் வந்த 'சார்பட்டா பரம்பரை' படத்தில் டான்ஸிங் ரோஸ் என்று ஒருவன் வளையத்துக்குள் ஆடிக்கொண்டே வந்தபோது, அந்தப் பெயரில் இருந்த கம்பீரமும் விளையாட்டும் இத்தனை வருஷமாக நம் சிறுகதைகளுக்கு ஏன் எட்டவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

நாம் நம் பெயர்களை என்ன செய்தோம் என்பதும் இருக்கிறது. விருத்தாசலம் புதுமைப்பித்தன் ஆனார். மணி மௌனி ஆனார். துரைசாமி நகுலன். ரங்கநாதன் ஞானக்கூத்தன். மதுசூதனன் ஆத்மாநாம். தருமு சிவராமுவோ எண்கணித ஈடுபாட்டால் பெயரை மாற்றி மாற்றி எழுதிக் கடைசியில் பிரமிள் என்று நின்றார். தமிழ் நவீனக் கவிதையின் மிகக் கூர்மையான மனம் ஒன்று செய்ததைத்தான் காலாடிப்பேட்டையில் ஒரு வெல்டர் தன் மகளுக்குச் செய்கிறார். அங்கே அதைத் தேடல் என்றோம். இங்கே மூடநம்பிக்கை என்கிறோம். பிறந்த பெயர் போதாது என்ற அனுபவம் நமக்கு மட்டும் சொந்தமில்லை.

*

அப்படியானால் இந்தப் பெயர்களில் எனக்கு என்ன குறை? அவை தப்பித்துப் போவதில் குறையில்லை. தப்பித்துப் போய்ச் சேருமிடம் எல்லோருக்கும் ஒரே இடமாக இருப்பதுதான் குறை. யாருக்கும் இல்லாத பெயர் வேண்டும் என்று தேடுகிறார்கள். தேடும் பட்டியல் ஒன்றே. ஒரு வகுப்பில் ரித்விக், கிருத்விக், தன்விக் மூவரும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கிறார்கள். எதையும் காட்டிக்கொடுக்காத பெயர் ஒன்றை மட்டும் காட்டிக்கொடுக்கிறது: எந்த வருஷத்தில் பிறந்தது என்பதை. தனித்துவம் மொத்த வியாபாரத்துக்கு வந்தால் இப்படித்தான் ஆகும். தூய தமிழ்ப் பெயர்களுக்கும் இது பொருந்தும். 1916ஐ ஒட்டி வேதாசலம் மறைமலை ஆனபோது அது ஒரு மனிதனின் தீர்மானம். நாராயணசாமி நெடுஞ்செழியனாகவும் இராமையா அன்பழகனாகவும் ஆனபோது அதற்கு ஒரு இயக்கத்தின் சூடு இருந்தது. இன்றைய மகிழனுக்குப் பின்னால் எந்தத் தீர்மானமும் இல்லை. இனிய ஒலி மட்டும் இருக்கிறது.

தப்பித்தலும் கடனும் சேர்ந்து வரமுடியும் என்பதற்கு ஒரு முன்னுதாரணம் நமக்கு இருக்கிறது. 1845இல் காத்தவராயன் என்று பெயரிடப்பட்ட ஒருவர், தனக்குக் கல்வி கொடுத்த ஆசிரியரின் பெயரை எடுத்துக்கொண்டு அயோத்திதாசர் ஆனார். பிறப்பு கொடுத்த பெயரை அவர் விட்டுவிட்டார். ஆனால் காலி மனைக்குப் போகவில்லை. ஒரு மனிதரின் பெயருக்குள் போனார். அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் இரண்டு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள்.

பெயரை அளக்க எனக்கு இதுதான் அளவுகோல். தமிழா வடமொழியா, பழசா புதுசா என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். அந்தச் சொல்லுக்குள் இன்னொருவர் இருக்கிறாரா? அதைச் சொல்லி யாரையாவது கூப்பிட முடிகிறதா? ஒரு பாட்டியானாலும் சரி, ஒரு நர்ஸானாலும் சரி, ஆலைவாசலில் சுடப்பட்டுச் செத்த ஒருவனானாலும் சரி. இந்த அளவுகோலை நம் கவிதைகளின் மீது வைத்தாலும் நல்லது. பட்டியலிலிருந்து பொறுக்கிய சொற்கள், கண்ணுக்கு மட்டும் ஒழுங்கான வரிகள், முன்னிலையில் யாருமே இல்லாத தன்மை. இப்போது வருகிற கவிதைகளில் பாதிக்குத் தன்ஷிகா என்று தலைப்பு வைக்கலாம். அந்தத் தாயிடமாவது ஒரு குழந்தை இருக்கிறது.

ராயபுரத்து ஆர்.எஸ்.ஆர்.எம். மாதிரியான பிரசவ ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்தவுடன் கட்டும் பட்டையில் 'பேபி ஆஃப்' என்று எழுதித் தாயின் பெயரை எழுதுவார்கள். எழுத்தில் வரும் முதல் பெயர் அதுதான். அது ஒரு உறவைச் சொல்கிறது. 1969ஆம் வருஷத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி பெயரில்லாமலே பிறப்பைப் பதியலாம். பன்னிரண்டு மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அந்தப் பன்னிரண்டு மாதமும் குழந்தை பெயரில்லாமல் இருப்பதில்லை. யாரோ ஒருவர் வாயில் ஏதோ ஒன்று வந்துவிடுகிறது; தெரு அதைப் பிடித்துக்கொள்கிறது; குழந்தை அதற்குத் திரும்பிப் பார்க்கிறது. பிறகு ஒருநாள் பெரியவர்கள் அதை ஒதுக்கிவைத்துவிட்டு, காலியாகக் கிடக்கும் கட்டத்தில் எழுதுவதற்குப் பட்டியலைத் திறக்கிறார்கள்.

அந்தக் கட்டத்தில், குழந்தை ஏற்கனவே திரும்பிப் பார்த்த சொல்லை எழுதும் துணிச்சல் ஒரு வீட்டுக்காவது வரவேண்டும். அது என்ன மொழியாக இருந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.